முந்நூறு மஞ்சள் சட்டைகள்

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் பூங்காவில் இளைஞர்கள் நீங்கள் சேர்ந்து குழந்தைகள் விழா வைத்திருக்கிறீர்கள் என்றும், என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நான் ஒரு பட்டியல் எழுதித் தர வேண்டும் என்றும் சொல்லி ஆள் விட்டிருந்தீர்கள். பட்டியல் எழுத உட்கார்ந்தேன். தண்ணீர்ப் பானை, நாற்காலி, மைக் என்று நாலு வரி எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. இதெல்லாம் இரண்டு விழா நடத்தினால் உங்களுக்குத் தானாகக் கைவந்துவிடும். அதனால் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, இதே பூங்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான் செய்த தப்பை எழுதி அனுப்புகிறேன். பட்டியலைவிட இது உங்களுக்கு உபயோகப்படும் என்று நினைக்கிறேன்.

நான் இங்கே பூங்கா மேற்பார்வையாளராக வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். சேவூரில் கடலைக்காடு வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. கடலை விளைவித்தவன் மகனுக்குப் புல் வளர்க்கத் தெரியாதா என்று அலுவலகத்தில் நினைத்திருப்பார்கள் போல. உண்மையில் எனக்குப் புல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாத வேலையைக் கொடுத்தால் சிலருக்கு வெறி பிடித்துவிடும். எனக்கும் பிடித்தது. மேடைக்கு முன்னால் இருந்த மைதானத்தைக் கொத்தி, செம்மண் கொட்டி, ஒரு வருடத்தில் பச்சைப் பசேல் என்று ஆக்கிவிட்டேன். ஆக்கியதோடு நிற்காமல் நான்கு மூலையிலும் ‘புல்தரையில் உட்காராதீர்கள்’ என்று பலகை நட்டேன். ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். யாராவது புல்லில் கால் வைத்தால் போதும், ஊதிவிடுவேன். ஊரில் எனக்கு விசில்காரர் என்றே பெயர் விழுந்தது. அது பட்டப் பெயர் என்பதுகூடத் தெரியாமல் கொஞ்ச காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நாளில் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு. சனிக்கிழமை ராத்திரி வரை மெஷின் ஓடும். மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பனியன் கம்பெனிக்காரர்கள் அத்தனை பேரும் குளித்து, பவுடர் போட்டு, பிள்ளை குட்டிகளோடு பூங்காவுக்கு வந்துவிடுவார்கள். வருகிறவர்கள் சும்மா சுற்றிவிட்டுப் போகிறார்களே என்று ஸ்லோ சைக்கிள், எலுமிச்சை ஸ்பூன், மியூசிக்கல் சேர், கயிறு இழுக்கும் போட்டி என்று ஒவ்வொன்றாக ஆரம்பித்தேன். தேதி வைக்கும்போது பஞ்சாங்கம் பார்க்க மாட்டேன். பெரிய கம்பெனிகளின் மேனேஜர்களைக் கூப்பிட்டு ஷிப்மெண்ட் எப்போது என்று கேட்பேன். ஷிப்மெண்ட் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஓய்வே கிடையாது என்பதால் அன்று விழா வைத்தால் நானும் புல்லும்தான் இருப்போம்.

இந்த ஊருக்கு ஒரு குணம் உண்டு. எந்தக் குறை வந்தாலும் பனியன் துணியிலேயே அதற்கு மருந்து தேடும். ஒரு தடவை கயிறு இழுக்கும் போட்டியன்று நகராட்சி வடத்தை யாரோ கிணற்று வேலைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். நிட்டிங் கம்பெனி ஆட்கள் உடனே ஓடிப்போய் ஒரு ரோல் துணியை முறுக்கிக் கொண்டு வந்தார்கள். ‘எத்தனை பாரம் போட்டாலும் அறாதுங்க சார்’ என்று உத்தரவாதம் வேறு. அவர்கள் சொன்னது மெய்தான். துணி அறுந்துபோகவில்லை, ஆனால் நீண்டது. ஒரு பக்கம் நிட்டிங், மறுபக்கம் சாயப்பட்டறை. நான் விசில் ஊதினேன். இரண்டு அணியும் இழுத்துக்கொண்டே பின்னால் போனார்கள், போனார்கள், நடுவில் கட்டிய ரிப்பன் இருந்த இடத்திலேயே இருந்தது. தாங்கள்தான் ஜெயித்ததாக இரண்டு பக்கமும் கத்தியபோது ஒரு முனை கை நழுவி, சாயப்பட்டறை ஆட்கள் ஒன்பது பேரும் என் கல்வாழைப் பாத்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். நாள் முழுக்கப் பனியன் துணியோடு புழங்குகிறவர்களுக்கு அது நீளும் என்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அன்று எல்லோரோடும் சேர்ந்து நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். எல்லாவற்றுக்கும் பனியன் துணி மருந்தாகாது என்று அப்போது கொஞ்சம் யோசித்திருந்தால் அடுத்த தப்பைச் செய்திருக்க மாட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் முதல் குழந்தைகள் விழா வைத்தோம். ஒரு கம்பெனி முதலாளி, அவரும் தையல் மெஷினில் உட்கார்ந்து மேலே வந்தவர்தான், சிறப்பு விருந்தினராக வரச் சம்மதித்தார். பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்கலாமே என்று அவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். கம்பெனியில் ஒரு லாட் சட்டை தேங்கிக் கிடப்பதாகச் சொன்னார். மஞ்சள் சட்டை, நெஞ்சில் ஒரு குதிரைப் படம். கழுத்துப் பட்டியின் நிறமும் சட்டையின் நிறமும் துளி மாறிப் போய்விட்டதாம், வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்றுவிட்டான். அந்த வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. முந்நூறு சட்டை, நல்ல சட்டை, சும்மா. வாசலில் மேசை போட்டு, உள்ளே வருகிற பிள்ளைக்கெல்லாம் அங்கேயே மாட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த மாலையில் மேடையில் நின்று பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பச்சைப் புல்லைச் சுற்றி முந்நூறு மஞ்சள். சட்டை ஒரே அளவு. பெரிய பிள்ளைகளுக்கு இறுக்கமாகவும், சின்னதுகளுக்கு முழங்கால் வரையிலும் இருந்தது. ஊஞ்சலில் மஞ்சள், சறுக்கில் மஞ்சள், ஐஸ் வண்டியைச் சுற்றி மஞ்சள். புகைப்படக்காரரைக் கூப்பிட்டு எங்கெங்கே நின்று எடுக்க வேண்டும் என்று நானே காட்டினேன். மாவட்டத்தில் எவன் இப்படி விழா நடத்தியிருக்கிறான் என்று மனசுக்குள் ஒரே கொண்டாட்டம்.

பிள்ளைகளுக்கெல்லாம் குச்சி ஐஸ் கொடுத்துவிட்டு, இடையில் பெண்களுக்கு மியூசிக்கல் சேர் வைத்தோம். ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. ஓரமாக வேப்பமரத்தடியில் பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மா, நாலைந்து வயதுப் பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நான் மைக்கில் விடவில்லை. பச்சைப் புடவை அம்மா வாங்க, ஒரு நாற்காலி உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று கூப்பிட்டேன். கூட்டம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவர் கூச்சத்தில் தலையை ஆட்டி மறுத்தார். நான் மறுபடியும் கூப்பிட்டேன். வேறு வழியில்லாமல் பிள்ளையிடம் ஐஸைத் தின்றுகொண்டு அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு வந்தார்.

முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுவோம் என்று நினைத்துத்தான் வந்திருப்பார். ஆனால் நன்றாக ஆடினார். ஒவ்வொரு சுற்றாகத் தாண்டிக் கடைசி இருவரில் ஒருவராக நின்றார். இரண்டாம் பரிசு, எவர்சில்வர் டம்ளர். அதை வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு வேப்பமரத்துக்குப் போனார்.

நான் முதலாளியைப் பேச அழைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கியபோது அந்த அம்மா டம்ளரும் கையுமாக என் முன்னால் நின்றார்.

“சார், எம் புள்ளையக் காங்கல சார்.”

பேச்சிலேயே தெற்கத்திப் பக்கம் என்று தெரிந்தது. ஊருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம், பேக்கிங்கில் வேலை. புருஷனுக்கு அன்றும் சாயப்பட்டறையில் ஷிப்ட். பிள்ளை பெயர் இசக்கி. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி, என்ன சட்டை என்று.

“மஞ்சச் சட்டைதான் சார் போட்டிருக்கா.”

திரும்பிப் பார்த்தேன். அத்தனை நேரம் என் மனசைக் குளிர வைத்த அந்த மஞ்சள், கண்ணைக் குத்தியது.

நல்ல வேளை, கால்கள் தாமாக ஓடின. தாமரைத் தொட்டிதான் முதலில் நினைவுக்கு வந்தது. அழகாக இருக்கட்டும் என்று விழாவுக்காக விளிம்பு வரை தண்ணீர் நிரப்பச் சொன்னதும் நான்தான். தோட்டக்காரரை அனுப்பினேன். அவர் வாருகோலின் பின்பக்கத்தால் தொட்டி முழுக்கத் துழாவிவிட்டு, ஒன்றும் இல்லை என்று கை காட்டினார். அங்கேயே நிற்கும்படி சொன்னேன். அடுத்து வாசலுக்கு ஓடினேன். சின்னப் பெண் தனியாகவோ யாருடனோ வெளியே போனதா என்று காவலாளியைக் கேட்டேன்.

“நெறையாப் புள்ளைங்க போச்சுங்க சார். எல்லாமே மஞ்சச் சட்டைங்க. நான் எதையின்னு பாக்கறது?”

அவர் மேல் கோபம் வந்தது. அவர் சொன்னதில் என்ன தப்பு? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே முகத்தை மாட்டி அனுப்பியவன் நான். வெளியே பஸ் போகிற சாலை. பெரிய கதவைச் சாத்தச் சொல்லி, சின்னக் கதவில் ஒவ்வொருவராக விடச் சொன்னேன். மஞ்சள் சட்டைப் பெண் பிள்ளை வந்தால் கூட வருவது யார் என்று கேட்டுவிட்டு விடுங்கள் என்றேன்.

இதுவரை நான் செய்ததில் பெரிய குறை சொல்ல மாட்டேன். இதற்கு அடுத்து நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவிடம், ‘ஐயா பேசி முடிக்கட்டும்மா, முடித்ததும் மைக்கில் சொல்லிவிடலாம்’ என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஒன்று, பிள்ளையைக் காணோம் என்று மைக்கில் சொன்னால் அத்தனை பெற்றோரும் பதறி, கைக்கு அகப்பட்ட மஞ்சளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள், நெரிசலாகும் என்ற பயம். அது நியாயமான பயம். இன்னொன்று, முந்நூறு சட்டை கொடுத்தவரின் பேச்சை நடுவில் நிறுத்துவது மரியாதையா என்ற தயக்கம். நான் முதல் பயத்தைச் சொல்லி இரண்டாவதை மறைத்துக்கொண்டேன். இளைஞர்களே, அவசரத்தில் நமக்கு ஒரு நல்ல காரணமும் ஒரு மட்டமான காரணமும் சேர்ந்தே வரும். எதற்காக நிற்கிறோம் என்று அந்த நேரத்தில் நமக்கே தெரியாது.

பத்து நிமிடம் போயிற்று. நானும் அந்த அம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம் கூட்டத்தில் புகுந்து தேடினோம். நான் ஒவ்வொரு மஞ்சள் சட்டையையும் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சில பிள்ளைகள் பயந்து அழுதன. ஊஞ்சல் பக்கம் வழியில் நின்ற ஒரு பிள்ளையை ‘தள்ளி நில்லு கண்ணு’ என்று ஒதுக்கிவிட்டு, அதற்குப் பின்னால் நின்ற மஞ்சளைப் பார்க்க ஓடினேன். ஒலிபெருக்கியில் முதலாளி, தான் சிறுவயதில் குன்னத்தூரிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இசக்கி, இசக்கி என்று அந்த அம்மா கூப்பிடுவது அதில் அமுங்கிப் போயிற்று. கையில் அந்த டம்ளர் அப்படியே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மைக்கில் வேடிக்கை பேசிய என் வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது.

மேடை ஓரத்தில் நான் மறுபடி தயங்கி நின்றபோது ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றார். முப்பது வயதுக்குள் இருக்கும். தன் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்திருந்தார். பச்சைப் புடவை அம்மா அழுவதைப் பார்த்து விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்.

“ஏனுங்க சார், புள்ளையக் காணமுன்னு தெரிஞ்சும் இன்னும் பேச உட்டுட்டு நிக்கறீங்களே?”

குரல் உயரவே இல்லை. ‘ங்க’ போட்டுத்தான் பேசினார். எனக்குக் கன்னத்தில் அறை விழுந்தது மாதிரி இருந்தது. மைக்கில் சொன்னால் கூட்டம் கலைந்து ஓடும் என்றும், இத்தனை மஞ்சளில் எப்படித் தேடுவது என்றும் என்னென்னவோ உளறினேன். அவர் என்னை முழுதாகப் பேச விடவில்லை.

“நான் கம்பெனில செக்கிங்ல இருக்கறனுங்க, தச்ச துணியில கொறை பாக்கற வேலை. லாட்டுல ஒரு பீஸ் காணமுன்னா, அந்தப் பீசத் தேட மாட்டமுங்க. இருக்கறத எல்லாம் மடிச்சு அடுக்கிப் போடுவமுங்க. அடுக்காம நிக்கறது தானாக் கண்ணுக்குத் தெரியுமுங்க. எல்லாத்தையும் அவங்கவங்க புள்ளையோட உக்காரச் சொல்லுங்க.”

நான் படித்த எந்த விதிமுறைப் புத்தகத்திலும் இது இல்லை. கேட்ட மாத்திரத்தில் இதுதான் வழி என்று தெரிந்தது. மேடையேறி முதலாளியின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேச்சைப் பாதி வார்த்தையில் நிறுத்தினார். மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாக ஒன்று கேட்டார்.

“இதுக்குப் போயி ஏனுங்க சார் இத்தன நேரம் நின்னீங்க?”

அவர் கோபித்துக்கொள்வார் என்றுதான் நான் பத்து நிமிடம் பயந்து நின்றேன். அவர் முகத்தில் கோபத்தின் சாயலே இல்லை. அந்தப் பயம் முழுக்க நானாக உண்டாக்கிக்கொண்டது.

மைக்கில் நான் குழந்தை காணோம் என்று சொல்லவில்லை. அடுத்த போட்டி என்று அறிவித்தேன். இது குடும்பத்தோடு ஆடுகிற போட்டி, எல்லோரும் கலந்துகொள்ளலாம், அவரவர் பிள்ளையைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிற இடத்திலேயே உட்கார வேண்டும், யாரும் ஓடக் கூடாது, பிள்ளை இல்லாதவர்களும் உட்கார வேண்டும் என்றேன். எங்கே உட்காருவது என்று ஒருவர் கேட்டார். கூட்டம் முழுக்க என் பலகைகளைப் பார்த்தது. புல்லில் உட்காருங்கள் என்றேன். விசில்காரர் வாயிலிருந்தா இது வருகிறது என்று முன்வரிசையில் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

அலை மாதிரியெல்லாம் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் உட்கார்ந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் நாலா பக்கமும் எழுந்து அடங்கியது. மேடையில் நின்ற முதலாளி, என்ன நினைத்தாரோ, கீழே இறங்கித் தன் பேத்தியைத் தேடிப் பிடித்து, வெள்ளை வேட்டியோடு புல்லில் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் நின்றுகொண்டிருந்த மீதிப் பேரும் மளமளவென்று உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்போது நின்றது நாலு பிள்ளைகள். மூன்று மஞ்சள். பக்கத்துத் தெருவிலிருந்து பெரியவர்கள் இல்லாமல் தாங்களாக வந்த பையன்கள் அவர்கள். நாலாவது, ஊஞ்சல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சின்னப் பெண். மஞ்சள் சட்டை இல்லை. சாம்பல் நிறத்தில் வெளுத்துப்போன ஒரு கவுன். எல்லோரும் ஏன் உட்கார்ந்துவிட்டார்கள் என்று புரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள்.

நான் தள்ளி நில்லு என்று ஒதுக்கிவிட்டுப் போன பிள்ளை அவள்தான்.

அந்த அம்மா உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி ஓடினார். டம்ளர் எங்கேயோ விழுந்து உருண்டது. நானும் பின்னாலேயே ஓடினேன். பிள்ளையைத் தூக்கி முகமெல்லாம் துடைத்து, சட்டை எங்கே என்று அந்த அம்மா கேட்டார். இசக்கி கவுனுக்குள் கையை விட்டு அதை எடுத்தாள். சட்டைக் கையை உள்பக்கம் மடக்கி, கழுத்து மேலே தெரிய, பெட்டியில் வைக்கும் சட்டை மாதிரி சதுரமாக மடித்திருந்தது. அம்மா ஆடப் போனதும், ஐஸில் வாய் வைக்கும் முன்பே கழற்றி மடித்திருக்கிறாள்.

“புதுசும்மா. ஐஸ் பட்டா அழுக்காயிரும்லா.”

அவள் தொலையவே இல்லை. ஐஸைத் தின்று முடித்துவிட்டு, அம்மா ஆடுகிற இடத்தில் ஆள் மறைக்கிறதே என்று ஊஞ்சல் வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறாள். நாங்கள்தான் மஞ்சளைத் தேடி அலைந்திருக்கிறோம். பெற்ற தாயே அவளை இரண்டு முறை கடந்து போயிருக்கிறார். உள்ளே என்ன உடை என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆயிரம் பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் புல்லிலேயே உட்கார்ந்து அழுதேன். என்ன போட்டி, யார் ஜெயித்தது என்று கூட்டம் கேட்டது. முதலாளிதான் எழுந்து மைக்கில், எல்லாருமே ஜெயிச்சுட்டமுங்க என்று சொல்லி எல்லோருக்கும் இன்னொரு ஐஸ் கொடுக்கச் சொன்னார். சைக்கிள் கதையின் மீதியை அவர் சொல்லவில்லை. அந்தக் கதை எப்படி முடிகிறது என்று எனக்கு இன்று வரை தெரியாது. செக்கிங் பெண்ணைத் தேடினேன். பிள்ளைகளோடு போய்விட்டிருந்தார். பெயரைக்கூடக் கேட்கவில்லை. முப்பது வருடம் வேலை பார்த்தவனிடம் உனக்கு வேலை கற்றுக் கொடுத்தது யார் என்று கேட்டால், நான் அவரைத்தான் சொல்வேன்.

புல் தேற இரண்டு மாதம் ஆயிற்று. உட்கார்ந்ததால் புல் செத்துவிடாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பலகைகளைப் பிடுங்கிக் கொட்டகையில் போட்டேன்.

ஆனால் என் மனசு தேறவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பச்சைப் புடவை அம்மாவைத் தேடினேன். வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஷிப்மெண்ட் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கம்பெனிகளைக் கேட்டால் அந்த வாரம் எங்கேயும் ஷிப்மெண்ட் இல்லை. ஊரை விட்டே போய்விட்டார்களோ, அல்லது இந்தப் பூங்காவே வேண்டாம் என்று இருக்கிறார்களோ? பிழைக்க வந்த இடத்தில், ஞாயிற்றுக்கிழமை ஒரு மாலை வெளியே வந்து சிரித்துவிட்டுப் போகலாம் என்று வந்தவரை, நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆட வைத்து, பிள்ளையைத் தொலைத்த பயத்தையும் கொடுத்து அனுப்பினேன். நமக்குப் பூங்காவில் மரம் இருக்கலாம், ஊஞ்சல் இருக்கலாம். பிள்ளையின் கையை விட்டுவிட்டு ஒரு தாய் அரை நிமிடம் நிம்மதியாக நிற்க முடியாவிட்டால் அதெல்லாம் எதற்கு? இப்படியே மூன்று நாலு மாதம் ஓடிற்று. வாசல் பக்கம் பச்சைப் புடவை தெரிந்தாலே எழுந்து பார்ப்பேன்.

தை பிறந்ததும் பெண்களுக்குக் கோலப் போட்டி வைத்தோம். நடைபாதை முழுக்கச் சாணம் தெளித்துக் கட்டம் கட்டிவிட்டிருந்தோம். இந்த முறை நான் மைக்கில் யாரையும் கூப்பிடவில்லை. வருகிறவர்கள் வரட்டும், விருப்பமில்லாதவர்களை இழுக்கக் கூடாது என்று இருந்தேன். பெயர் எழுதுகிற மேசையில் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது முன்னால் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அந்த அம்மா. நீலப் புடவை. இசக்கி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தாள்.

அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் பெயர் எழுதச் சொல்லி, கட்ட எண் வாங்கி, கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்து என் கைக்குள் வைத்தார்.

“சார், இவளக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க. நான் போட்டுட்டு வாரேன்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் எழுதுகோலைக் கீழே வைத்தேன். மேசையை வேறொருவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு இசக்கியோடு வேப்பமரத்தடியில் போய் நின்றேன். அவள் அன்று என்ன நிறத்தில் கவுன் போட்டிருந்தாள், காலில் என்ன செருப்பு, ரிப்பன் எந்தப் பக்கம் அவிழ்ந்திருந்தது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். தண்ணீர் வேண்டும் என்றாள், கூட்டிப் போய்க் கொடுத்தேன். ஊஞ்சல் வேண்டும் என்றாள், கையை விடாமல் ஆட்டினேன். அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து ஏதோ கையெழுத்துக் கேட்டார்கள். அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

அந்த அம்மா ஒரு பெரிய தேர்க்கோலம் எடுத்திருந்தார். முழுசாக ஒரு மணி நேரம் ஆயிற்று. புள்ளி வைத்தார், கோடு இழுத்தார், ஒரு பக்கம் பிடிக்காமல் அழித்துவிட்டு மறுபடியும் போட்டார். அத்தனை நேரத்தில் ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கி நாங்கள் இருக்கிற பக்கம் பார்க்கவில்லை.